பழைய பெட்டிக்குப் புது மூச்சு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பேசவேண்டிய மேடையில் கணினியைப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஓலையைப் பேசாமல் பழந்தமிழ் நூல்களின் வரலாற்றைப் பேசிவிட முடியாது. எழுத்தாணியைப் பேசாமல், ஏடுகளில் மெய்யெழுத்துகள் புள்ளி பெறாது நின்ற காரணத்தை விளக்கிவிட முடியாது. எழுதுபொருளின் இயல்பு எழுத்தைத் தொடாமல் விடுவதில்லை. அதனை ஏற்றுக்கொள்பவர்களுக்கு, இன்றைய கவிஞர் பலரின் எழுதுபொருளாகிவிட்ட மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளை எண்ணிப் பார்ப்பதில் கூச்சம் இருக்க வேண்டியதில்லை.

ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள், முதுமை எய்திய ஒரு மடிக்கணினி வெப்பம் தணிந்து, புதிய இயங்குதளத்தை ஏற்று, மீண்டும் பணிக்கு வருதல் எங்ஙனம் என்பது. இதற்கு ஒரு காலத் தேவையும் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை நிறுத்தியது. விரும்பிப் பதிவு செய்துகொண்ட தனிப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பெற்றன. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, 2021-ஆம் ஆண்டு வெளிவந்தபோதே, இன்டெல் நுண்செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்டவற்றை ஏற்பதில்லை என்று வரையறுத்துவிட்டது. ஆகவே குறித்த அந்த நாளில் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகள் பழையன ஆயின. முந்தைய நாள் இரவு வரை அவற்றில் ஒரு திருகும் கழன்றிருக்கவில்லை. ஒரு விசையும் உடைந்திருக்கவில்லை. மனிதருக்கு முதுமை மெல்ல வந்து சேர்கிறது. பொறிக்கோ அது ஓர் அறிவிப்பாகவே வந்துவிடுகிறது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு பொறியை எடுத்துக்கொண்டு பேசுவது பயன் தரும். 2011-ஆம் ஆண்டு லெனோவோ நிறுவனம் வெளியிட்ட திங்க்பேட் எக்ஸ்220 என்னும் மடிக்கணினி இதற்கு ஏற்றது. பழையதைப் புதுக்கிப் பயன்படுத்துவோர் உலகெங்கும் விரும்பித் தேடும் கருவிகளுள் இஃது ஒன்று. சென்னை ரிச்சி தெரு போன்ற மறுவிற்பனைச் சந்தைகளுக்கு வந்து சேரும் கறுப்புப் பெட்டிகளில் இவ்வினத்தின் உறவுகளை இன்றும் காணலாம்.

திங்க்பேட் என்னும் பெயருக்கு ஒரு பின்புலம் உண்டு. 'சிந்தி' என்னும் ஒற்றைச் சொல் ஐ.பி.எம். நிறுவனத்தை வளர்த்த தாமஸ் வாட்சனின் முழக்கம். அச்சொல் பொறித்த சிறு குறிப்பேடுகள் அந்நிறுவன ஊழியர்களின் பைகளில் இருந்தன. அந்தக் குறிப்பேட்டின் பெயரே 1992-இல் கணினிக்கு இடப்பட்டது. வடிவம் தந்தவர் ரிச்சர்ட் சாப்பர் என்னும் ஜெர்மானியர். ஜப்பானியர் உணவு கொண்டுசெல்லும் கறுப்பு அரக்குப் பெட்டியே அவருக்கு முன்மாதிரியாயிற்று. வெளியே எளிமை, திறந்தால் உள்ளே அறை அறையாக நிறைவு. பொறியியலைக் கவனித்தது ஜப்பானில் இருந்த யமாட்டோ ஆய்வகம். 2005-இல் ஐ.பி.எம். தன் தனிக்கணினிப் பிரிவைச் சீன நிறுவனமாகிய லெனோவோவுக்கு விற்றபோதும் வடிவம் கைமாறிப்போகவில்லை. அமெரிக்கச் சொல், ஜெர்மானியர் வரைந்த உரு, ஜப்பானியர் கைவினை, சீன உடைமை. அதில் எழுதப்படுவது தமிழ்க் கவிதை. ஒரு பெட்டிக்கு இத்தனை ஊர்களா என்று வியக்கலாம்.

எக்ஸ்220-இன் திரை 12.5 அங்குலம். மின்கலத்தைத் தாழ் விலக்கிப் பின்புறமாகக் கழற்றிவிடலாம். விசைப்பலகையின் நடுவே சிறு செம்மணி போன்ற சுட்டுக்குமிழ். விசைப்பலகையில் நீர் கொட்டினால் வடிந்து கீழே போக வழியும் உண்டு. எழுதுவோரை இக்கருவியோடு பிணைத்தது ஏழு வரிசை கொண்ட அந்த விசைப்பலகைதான். குழிந்த விசைமுகமும், அழுத்தினால் உணரத்தக்க ஆழமும் கொண்ட பழைய அமைப்பு அது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்230-இல் அது நீக்கப்பட்டு, தட்டையான ஆறு வரிசை விசைகள் வைக்கப்பட்டன. புதிய பொறியில் பழைய விசைப்பலகையைப் பொருத்த முனைந்த ஆர்வலர்கள், இணைப்பியின் சில முனைகளை நாடாவால் மூடியும், விசைகளை ஆளும் உட்கட்டுப்பாட்டு நிரலைத் திருத்தியும் வெற்றி கண்டனர். பேனாவின் முள்ளைப் பற்றி முன்னோர் காட்டிய பிடிவாதத்தை அறிந்த கவிஞர்கள் இதனைக் கேலியாகக் கருதமாட்டார்கள்.

இனி வெப்பத்துக்கு வருதல் வேண்டும். பழைய மடிக்கணினியைப் பற்றிய முறையீடுகளில் முதலாவது 'சுடுகிறது' என்பது. இரண்டாவது 'இரைகிறது' என்பது. மூன்றாவது 'நிற்கிறது' என்பது. மூன்றும் ஒரே நோயின் படிநிலைகள். எக்ஸ்220-இன் நுண்செயலி 35 வாட் வெப்பத்தை வெளியேற்றவேண்டும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. எண் சிறியதாகத் தோன்றலாம். ஆயின் அவ்வெப்பம் எழும் சிலிக்கான் சில்லின் பரப்பு ஏறத்தாழ 149 சதுர மில்லிமீட்டர். ஒரு விரல் நகத்தின் அளவு. சமையலறையில் இருபது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள 1,500 வாட் மின்னடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அந்த அடுப்பு தரும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கை இச்சில்லு தருகிறது. அடுப்பு சிவந்து காயலாம். சில்லோ 100 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. அவ்வெல்லையை நெருங்கினால் நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் தணியாவிடில் கணினி அணைந்துவிடும். 'பழசாகிவிட்டது, மெதுவாகிவிட்டது' என்று சொல்லப்படும் கணினிகளுள் பல, உண்மையில் மூச்சுத் திணறி நடை தளர்ந்தவையே.

வெப்பத்தைச் சில்லிலிருந்து வெளியே எடுத்துச் செல்வது செம்பாலான வெப்பக்குழாய். காண்பதற்குச் சப்பிப்போன செம்புக் கம்பி போல் இருக்கும் இதன் உள்ளே நடப்பது அழகிய செயல். காற்று நீக்கி மூடப்பட்ட அக்குழாயினுள் சிறிதளவு நீர் உண்டு. காற்றழுத்தம் இன்மையால் அந்நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். சூடான முனையில் ஆவியான நீர், குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகும். உட்சுவரில் படிந்துள்ள நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போல, அந்நீரைச் சூடான முனைக்குத் திரும்ப இழுத்துவரும். இயங்கும் உறுப்பு எதுவும் இல்லை, மின்சாரமும் வேண்டாம். ஒரு துளி நீர் ஆண்டுக்கணக்கில் மழையாகவும் ஆவியாகவும் ஒரு சாண் நீளத்துக்குள் திரிந்துகொண்டிருக்கிறது. இத்தகைய குழாயை 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியவர் ஜார்ஜ் குரோவர். விண்கலங்களுக்கான அணுமின் ஆக்கத்தை எண்ணிச் செய்த ஆய்வு அது. லாஸ் அலமாஸ் என்றால் அணுகுண்டு என்று மட்டும் நினைக்கும் நினைவுக்கு இஃது ஒரு சிறு மாற்று.

குழாய் நெடுநாள் உழைக்கும். எளிதில் முதுமை கொள்வதில்லை. முதுமை கொள்பவை இரண்டு. ஒன்று, குழாயின் மறுமுனையில் நெருங்க அடுக்கிய மெல்லிய தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையே சேரும் தூசு. பஞ்சு நூலும் முடியும் அடுப்படிப் பிசுக்கும் கலந்து, ஒரு கம்பளித் துண்டு போலவே அங்கு படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் காணமுடியாது. காற்று போகும் வாயில் அடைபட்டபின் விசிறி எவ்வளவு விரைவாகச் சுழன்றாலும் இரைச்சல்தான் மிகும். மற்றொன்று, சில்லுக்கும் செம்புக்கும் இடையே தடவப்பட்டிருக்கும் வெப்பப் பசை. பழுதுபார்ப்போர் மொழியில் இது 'பேஸ்ட்'.

இப்பசையின் பணி பலரால் தவறாகவே உணரப்படுகிறது. பசை வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் பொருள் அன்று. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400 என்றால், நல்ல பசைகளின் திறன் 4 முதல் 12 வரைதான். காற்றின் திறனோ 0.026. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும், இடையே நுண்பள்ளங்கள் இருக்கும். அப்பள்ளங்களில் காற்று இருக்கும். அக்காற்று செம்பைவிடப் பதினையாயிரம் மடங்கு மோசமான கடத்தி. அந்தக் காற்றை வெளியேற்றி, அது இருந்த இடத்தில் தான் அமர்வதே பசையின் பணி. எனவே அதிகம் தடவினால் அதிகக் குளிர்ச்சி என்பது பிழை. ஓர் அரிசிமணி அளவு போதும். யாப்பில் அசைநிலை போல, இடத்தை நிரப்பவேண்டும். மிகுந்தால் பொருளை மறைக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, சூடேறியும் ஆறியும் விரிந்தும் சுருங்கியும் பசை விளிம்புக்கு ஒதுங்கி உலர்ந்து பொடிந்துவிடுகிறது. பதினான்கு ஆண்டான ஒரு பெட்டியைத் திறப்பவர் காண்பது பெரும்பாலும் காய்ந்த சுண்ணாம்பு போன்ற ஓர் எச்சமே.

திறக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். இவ்வகைக் கணினிகளின் அடிப்புறத்தில், விசைப்பலகையைக் கழற்ற எந்தத் திருகாணிகளை எடுக்கவேண்டும் என்பதற்குச் சிறு சித்திரக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு திருகாணியின் நீளத்தையும், கழற்றும் வரிசையையும் சொல்லும் பராமரிப்பு நூலை நிறுவனமே அனைவருக்கும் வெளியிட்டது. ஒரு பொருளைச் செய்தவர், வாங்கியவரை நம்பிக் கையில் சாவியைக் கொடுத்த காலம் அது. பின்னர் வந்த மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு, மின்கலம் பசையால் ஒட்டப்பட்டுப் போயிற்று. இவ்வுரையில் சொல்லப்படும் மறுவாழ்வு அவற்றுக்கு வாய்ப்பது அரிது. அழகு கூடியதற்கு அது கொடுக்கப்பட்ட விலை. விலை மிகை என்றே தோன்றுகிறது.

மின்கலத்தைக் கழற்றி, மின்னிணைப்பை நீக்கிய பின்னரே கைவைக்கவேண்டும். விசிறியும் வெப்பக்குழாயும் சேர்ந்த பகுதியை எடுத்து, தூசைத் தூரிகையால் நீக்கி, பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் துடைத்து, புதியதை இடவேண்டும். அண்மைக் காலத்தில் பசைக்கு மாற்றாக ஏறத்தாழ 45 பாகையில் இளகிப் பரவும் மெல்லிய தகடுகள் பயன்படுகின்றன. ஹனிவெல் நிறுவனத்தின் அத்தகைய தகட்டை மடிக்கணினி ஆர்வலர்கள் பெரிதும் போற்றுகின்றனர். பசையைப் போல ஒதுங்கிப் போகாது என்பது அதன் சிறப்பு. காலியம் கலந்த நீர்ம உலோகத்தைப் பூசுவோரும் உளர். அதன் கடத்துதிறன் பசையினும் பன்மடங்கு மிகுதி என்பது உண்மை. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி பக்கத்தில் உருண்டோடினால் தாய்ப்பலகை வீண். அலுமினியத்தில் பட்டால் அவ்வுலோகத்தை அரித்து நொறுக்கும். இரண்டு பாகை குறைவதற்காகக் கவிதைகள் உறங்கும் பெட்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வேறு சில வைத்தியங்களும் வழங்குகின்றன. அடியில் வைக்கும் விசிறிப் பலகைகளைப் பலர் முதலில் வாங்குகின்றனர். உள்ளே அடைப்பு இருக்கும்போது வெளியே விசிறுவதால் பயன் சிறிது. அடிப்பலகையில் துளையிடுவோரும் உண்டு. காற்று எந்த வழியே நுழைந்து, எந்த உறுப்புகளைத் தடவி, எந்த வழியே வெளியேறவேண்டும் என்று எண்ணியே பெட்டி அமைக்கப்படுகிறது. கண்ட இடத்தில் துளையிட்டால் விசிறிக்குக் காற்று கிடைக்கும், மற்ற உறுப்புகளுக்குக் கிடைக்காமல் போகலாம். அதனினும் எளிய வழி, பின்புறத்தை ஒரு விரற்கடை உயர்த்தி வைப்பது. மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து எழுதும் வழக்கத்தை விடுவது. பின்னதைக் கவிஞர்களிடம் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

வெப்பத்தை வெளியேற்றுவது ஒரு வழி. எழாமல் தடுப்பது மற்றொரு வழி. நுண்செயலி உண்ணும் மின்னாற்றல், அதன் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயர்கிறது. வேகம் கூட அழுத்தமும் கூடவேண்டியிருப்பதால், கடைசிச் சிறிதளவு வேகத்துக்கு மிகுந்த வெப்பத்தை விலையாகத் தரவேண்டியுள்ளது. எக்ஸ்220-இல் பரவலாக இருந்த ஐ5-2520எம் நுண்செயலியின் இயல்பு வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், உந்து நிலையில் 3.2 வரை செல்லும். அந்த உந்து நிலையை முடக்கிவிட்டால் வெப்பம் நன்கு குறையும். எழுதுவதிலும் படிப்பதிலும் வேறுபாடு தெரியாது. பிற்காலத்துக் கணினிகள் சிலவற்றில் மின்னழுத்தத்தையே சற்றுக் குறைத்து வைக்கும் உத்தி இருந்தது. 2019-இல் அதே வாயிலைப் பயன்படுத்திப் பாதுகாப்பைக் குலைக்கும் தாக்குதல் ஒன்றை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியபின், பல கருவிகளில் அவ்வாயில் அடைக்கப்பட்டது.

வெப்பத்துக்கும் இயங்குதளத்துக்கும் தொடர்பு உண்டென்பது பலரும் எண்ணாதது. இணையத்தில் ஓர் உரையைக் காணொளியாகக் காண்பதை நினைக்கலாம். 2011-ஆம் ஆண்டின் சில்லில், அக்காலத்துக் காணொளி முறையாகிய எச்.264-ஐ விரிப்பதற்கெனத் தனிச் சுற்று உண்டு. வேலை எளிதாக முடியும். பின்னர் வந்த விபி9, ஏவி1 ஆகியவற்றுக்கு அச்சுற்று இல்லை. ஆகவே நுண்செயலி தன் முழு உடலையும் வருத்தி அதனைச் செய்கிறது, விசிறி அலறுகிறது. பொறி மாறவில்லை, அதன்மீது ஏற்றும் சுமை மாறிவிட்டது. உலாவியில் ஒரு சிறு நீட்சியைச் சேர்த்துப் பழைய முறையிலேயே காணொளியைத் தருமாறு கேட்டால், தூசு தட்டியதற்கு நிகரான பயன் கிட்டுவதுண்டு.

புதிய இயங்குதளத்தை இடுவதற்குமுன் செய்யவேண்டிய ஒன்றுக்கு நம் மரபிலேயே நல்ல பெயர் உண்டு. கோயில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வர். கருவறைத் திருமேனியின் ஆற்றலை ஓவியத்துக்கோ மரத்துக்கோ குடத்துக்கோ மாற்றி, வேறிடத்தில் எழுந்தருளச் செய்து, பூசை இடையறாது நடக்க, இங்கே கல்லும் சுதையும் புதுக்கப்படும். பணி முடிந்து குடமுழுக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பெருவழக்கு. எக்ஸ்220-க்கு அக்கணக்கு 2023-லேயே நிறைந்துவிட்டது. கவிதைகளையும் கடிதங்களையும் வேறொரு வட்டுக்கு மாற்றி, அங்கே அவை திறக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபின்னரே திருகாணியில் கைவைக்கலாம். படியெடுத்தால் போதாது, எடுத்த படியைத் திறந்து பார்க்கவேண்டும். இதனைச் செய்யாமல் துணிந்தவர்கள் இழந்த தொகுப்புகளுக்குக் கணக்கில்லை.

பழைய சுழல் வன்தட்டை எடுத்துவிட்டுத் திண்மநிலை வட்டை வைப்பதே இம்மறுவாழ்வில் மிகப் பெரிய மாற்றம். வன்தட்டில் ஒரு முள் சுழலும் தட்டின்மேல் தேடி அலையவேண்டும். திண்மநிலை வட்டில் அலைச்சல் இல்லை. எக்ஸ்220-இல் ஏழு மில்லிமீட்டர் தடிப்புள்ள வட்டுக்கு இடம் உண்டு. அலைபேசி இணைப்பு அட்டைக்கென ஒதுக்கிய இடத்தில் இன்னொரு சிறு வட்டும் அமரும். நினைவகம் 8 கிகாபைட் வரை என்று நிறுவனம் சொல்லியிருந்தபோதும், 16 கிகாபைட்டை இப்பொறி ஏற்கிறது. செய்தவர் அறிந்ததைவிடச் செய்யப்பட்டது சற்று அதிகம் அறிந்திருக்கிறது. கவிஞர்களுக்கு இது வியப்பாக இராது.

இனி எந்த இயங்குதளம்? விண்டோஸ் 11-ஐச் சோதனைகளைத் தாண்டி இதில் ஏற்றிவிடலாம். அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு டிபிஎம் 2.0; இதில் இருப்பது 1.2. நுண்செயலியோ இரண்டாம் தலைமுறை. ஏற்றலாம் என்றாலும், திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்னும் உறுதியை நிறுவனம் தரவில்லை. வாயில்காப்போனை ஏமாற்றி உள்ளே போனவன் விருந்தாளி ஆவதில்லை. 2024-இல் வந்த பதிப்பு, எட்டுத் திக்கிலும் பேசப்பட்ட மற்றொரு வேலியையும் போட்டது. நுண்செயலிக்குள் 'பாப்கவுன்ட்' என்னும் ஒரு கட்டளை இல்லையேல் அது தொடங்கவே தொடங்காது. 2008-இல் வந்த எக்ஸ்200-இல் அக்கட்டளை இல்லை. 2011-இன் எக்ஸ்220-இல் உண்டு. முன்னது கொள்கையால் அமைந்த வேலி, பின்னது நிரலிலேயே அமைந்த வேலி. இரண்டையும் ஒன்றாகக் கருதி வைதுவிடக்கூடாது.

லினக்ஸ் இப்பொறியை இயல்பாக ஏற்கிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 இதில் எவ்விதத் தந்திரமும் இன்றி இயங்கும். லினக்ஸ் எதையும் கைவிடாது என்பதும் மிகை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதனை எழுதத் தொடங்கியது 386 நுண்செயலியில்; அந்த 386-க்கான ஆதரவு 2012-இல் நீக்கப்பட்டது. தாய்வீட்டையே பூட்டியதற்கு ஒப்பு. ஆயினும் 1985-இல் பிறந்த சில்லுக்கு அங்கே இருபத்தோரு ஆண்டு இடம் கிடைத்தது. தமிழகத்தில் இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியபோது, விண்டோசோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் உடன் இருந்தது. அதனைத் திறந்து பார்த்த மாணவர் சிலரே. அலமாரிகளில் உறங்கும் அப்பெட்டிகளுள் இன்னும் எழுதத்தக்கவை எத்தனையோ.

மற்றொரு தடையும் உண்டு. எக்ஸ்220-இன் கம்பியில்லா இணைப்பு அட்டையை மாற்றிப் புதியதை இட்டால், கணினி 1802 என்னும் எண்ணைக் காட்டி நின்றுவிடும். பொருத்தலாம் என்று நிறுவனம் ஒப்பிய அட்டைகளின் பட்டியல் தொடக்க நிரலுக்குள் எழுதப்பட்டிருப்பதே காரணம். புதிய அட்டையில் பழுதொன்றும் இல்லை; பட்டியலில் பெயர் இல்லை. இதனை நீக்கத் தொடக்க நிரலையே மாற்றுவோர் உண்டு. அவர்கள் நாடும் கோர்பூட் என்னும் கட்டற்ற நிரலை 1999-இல் தொடங்கியவர் ரான் மின்னிச். தொடங்கிய இடம் மீண்டும் அதே லாஸ் அலமாஸ் ஆய்வகம். ஒரே வளாகத்தில், முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு சிந்தனைகள் இந்தச் சிறு பெட்டிக்குள் சந்தித்துக்கொள்கின்றன. ஆனால் தொடக்க நிரலை மாற்றும் வேலை பிழைத்தால் பொறி விழித்தெழாது. சில்லின்மேல் கவ்வியை மாட்டி மீட்கத் தெரிந்தவர்களே அதில் இறங்கலாம். மற்றவர்க்கு, பழைய அட்டையே போதும்.

இதற்கும் அப்பால் சென்றவர்கள் உளர். சீன நாட்டு ஆர்வலர் குழுவொன்று, எக்ஸ்200, எக்ஸ்201 பெட்டிகளுக்குள் அமரும்படி, எட்டாம் தலைமுறை நுண்செயலியோடு கூடிய புதிய தாய்ப்பலகையைச் செய்து தந்தது. மேலோடும் விசைப்பலகையும் பழையவை. உள்ளுறுப்பு அனைத்தும் புதியவை. அது பழைய கணினிதானா என்று கேட்போர் உண்டு. ஆண்டுதோறும் கீற்று மாற்றிய கூரையின் கீழ்ப் பிறந்து வளர்ந்தவர்கள் 'எங்கள் வீடு' என்று சொல்லத் தயங்கியதில்லை.

இத்தனையும் எதற்காக? பெட்டி தெய்வம் அன்று. கவிஞர் வட்டத்துக்கு இதில் உள்ள உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஏடுகள் பல நூற்றாண்டு வாழ்ந்ததால் சங்க நூல்கள் வந்து சேரவில்லை. ஓலைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. செல்லும் ஈரமும் விடுவதில்லை. சிதையுமுன் யாரோ ஒருவர் பெயர்த்தெழுதினார். அப்படி எழுதப்பட்டவை வந்தன. எழுதப்படாதவை போயின. புதிய இயங்குதளத்துக்கு மாறுதல் என்பது கவிதைத் தொகுப்பைப் பொறுத்தவரை பெயர்த்தெழுதும் நாளே. அன்று ஏட்டில் பிழை நுழைவது போலவே இன்றும் நுழைகிறது.

1990-களிலும் அதற்குப் பின்னும் தட்டெழுதப்பட்ட கவிதைகளில் பெரும்பகுதி ஒருங்குறியில் இல்லை. பாமினி, திஸ்கி, டாம், டாப் என்று எழுத்துருக்கு ஒரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் கண்டது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்குள் எழுதப்பட்டவை எழுதப்பட்டபடியே கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அவற்றைத் திறந்தால், பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலே தோன்றும். கவிதை அழியவில்லை, அதனைப் படிக்கும் கண் போய்விட்டது. பழைய பெட்டியில், பழைய எழுத்துருவோடு, அது இன்றும் தெளிவாகத் தெரியும். எனவே பழைய வட்டை எடுத்தெறியுமுன் மாற்றும் பணி முடிந்திருத்தல் வேண்டும்.

மாற்றும் நிரல்கள் உள்ளன. ஆயினும் கண்ணால் மெய்ப்புப் பார்க்காமல் விடக்கூடாது. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதியும்: முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பின்பு கால். ஒருங்குறியில் முதலில் ககரம், அதன்பின்னரே உயிர்க்குறி. வரிசையை மாற்றத் தவறினால் கொம்பு முந்தைய எழுத்தைப் பற்றிக்கொள்ளும். காலும் புள்ளியும் சேர்த்து 'ர்' எனக் காட்டிய தட்டச்சு வழக்கம் மற்றொரு தொல்லை. கண்ணுக்குச் சரி, கணினிக்கு அது எழுத்தே அன்று. 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமும் இட்டு 'ஒளவை' ஆக்கியவர்கள் எண்ணிறந்தோர். அவ்வாறு பதிந்த தொகுப்பில் ஔவையைத் தேடினால் அவள் அங்கே இல்லை. சுவடியின் எழுத்துக் குழப்பங்களைத் தீர்த்த பதிப்பாசிரியர்களின் பொறுமை இங்கும் வேண்டப்படுகிறது. அவர்களுக்கு ஒப்பிடப் பல பிரதிகள் இருந்தன, இங்கே பெரும்பாலும் ஒன்றே.

எல்லாப் பெட்டியையும் காக்கவேண்டும் என்பதும் இல்லை. மின்கலம் உப்பியிருந்தால் அதில் எழுதக்கூடாது. முறையான மின்கழிவுச் சேகரிப்பிடத்தில் ஒப்படைப்பதே தகும். தாய்ப்பலகை இறந்திருந்தால் அதன் திரையும் விசைப்பலகையும் வேறொரு பெட்டிக்கு உதவும். திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தோடு வங்கிக் கணக்கைத் திறப்பது அறியாமை. அதே பெட்டியை இணையத்திலிருந்து துண்டித்து எழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வதில் தீங்கில்லை. சிலருக்கு அதுவே நன்மையாகவும் முடியும்.

தூசு நீக்கி, பசை மாற்றி, உந்து நிலையை முடக்கி, லினக்ஸ் ஏற்றப்பட்ட எக்ஸ்220-இல் விசிறியை ஆளும் சிறு நிரல் ஒன்றை இடலாம். எந்த வெப்பத்தில் எவ்வளவு சுழலவேண்டும் என்பதை உரியவரே வகுத்துக்கொள்ளலாம். தமிழ்99 விசைமுறையில் ஒருவர் கவிதை எழுதும்போது நுண்செயலி தன் பெரும்பொழுதை எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. அப்போதைய வெப்பத்துக்கு விசிறி சுழலவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அறையில் கேட்பது விசைகளின் ஓசை மட்டுமே.